‘கவனமா ஆடு’ என்றால் எதைக் கவனிப்பது? ஸ்குவாஷ் பயிற்சிக்கு ஓர் எளிய விளக்கம்

ஸ்குவாஷ் கோர்ட்டின் கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் பத்து நிமிடம் நின்றால் போதும். “ஃபோகஸ் பண்ணு”, “கவனமா ஆடு”, “பந்தைப் பாரு” என்ற குரல்கள் மாறி மாறிக் காதில் விழும். பயிற்சியாளர் சொல்வார், வெளியே நிற்கும் அப்பா சொல்வார், உள்ளே ஆடும் பிள்ளையும் தனக்குத்தானே சொல்லிக்கொள்ளும். ஆனால் எதைக் கவனிக்க வேண்டும், எந்த நொடியில் கவனிக்க வேண்டும் என்று அநேகமாக யாரும் சொல்வதில்லை. புதிதாக ராக்கெட் பிடித்தவர் ‘இன்னும் முறுக்கிக்கொண்டு ஆட வேண்டும் போல’ என்று எடுத்துக்கொள்கிறார். தோள் இறுகுகிறது, பிடி இறுகுகிறது, அடி முன்பைவிட மோசமாகிறது.

இதை இப்போது தெளிவாகப் பேசிக்கொள்வது நல்லது. ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் இரட்டையர் தங்கம் வென்ற காலத்திலிருந்தே சென்னையில் ஸ்குவாஷ் மேல் ஒரு கண் உண்டு. 2025 டிசம்பரில் சென்னையிலேயே நடந்த உலகக் கோப்பையை இந்திய அணி வென்றது. 2028 லாஸ் ஏஞ்சலிஸில் ஸ்குவாஷ் முதன்முறையாக ஒலிம்பிக்கில் ஆடப்படப் போகிறது. பிள்ளைகளைச் சேர்க்கும் பெற்றோரும், அலுவலகம் முடிந்து ஆட வரும் பெரியவர்களும் கூடிக்கொண்டே போகிறார்கள். அவர்களில் பலர் கவனத்தைப் பற்றி வைத்திருக்கும் எண்ணம்தான் அவர்களுடைய நுட்பத்தையே தடுத்து நிறுத்துகிறது என்பது என் உறுதியான கருத்து.

இந்த ஆட்டத்தில் கவனம் ஏன் இவ்வளவு சிரமம்

கோர்ட்டின் நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர். இந்த இடத்துக்குள் இரண்டு பேர், இரண்டு ராக்கெட், 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு ரப்பர் பந்து. பந்து முன்சுவரில் பட வேண்டும். முன்சுவரின் அடியில் ‘டின்’ என்ற தகடு இருக்கும். சாதாரண கோர்ட்டில் அதன் உயரம் 48 சென்டிமீட்டர். அதில் பட்டால் அந்தப் புள்ளி போய்விட்டது. பக்கச் சுவர்களையும் பின்சுவரையும் பயன்படுத்தலாம் என்பதால் பந்து எந்தப் பக்கத்திலிருந்தும் வரும்.

டென்னிஸிலும் பேட்மிண்டனிலும் எதிராளி எப்போதும் நம் கண்முன் இருக்கிறார். ஸ்குவாஷில் அவர் பாதி நேரம் நம் முதுகுக்குப் பின்னால் நிற்கிறார். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் இடையில் பெரும்பாலும் ஒன்று, இரண்டு நொடிதான் கிடைக்கும். அதற்குள் அடித்த இடத்திலிருந்து நடுவுக்குத் திரும்ப வேண்டும், எதிராளியைப் பார்க்க வேண்டும், பந்து போகும் பக்கம் ஓட வேண்டும், ராக்கெட்டை ஏற்ற வேண்டும், எங்கே அடிப்பது என்று முடிவு செய்ய வேண்டும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க எந்த மூளையாலும் முடியாது. ஆகவே, கவனத்தை எப்படிக் கூட்டுவது என்று யோசிப்பதைவிட, இருக்கிற கொஞ்சக் கவனத்தை எங்கே செலவழிப்பது என்று யோசிப்பதில்தான் பயன் இருக்கிறது.

பூ கட்டும் விரல்கள்

கோயில் வாசலில் மல்லிகை கட்டும் அம்மாவைப் பாருங்கள். விரல்கள் பாட்டுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருக்கும். அவரோ வாடிக்கையாளரிடம் விலை பேசுவார், சில்லறை எண்ணுவார், தெருவில் போகிறவரைக் கூப்பிடுவார். முதன்முதலில் பூ கட்டப் பழகும் சிறுமிக்கு அப்படி இல்லை. கண் விரலை விட்டு அகலாது. நூலை இறுக்கினால் காம்பு அறுந்துவிடும், தளர்த்தினால் பூ நழுவிவிடும். அந்த நேரத்தில் யாராவது பேச்சுக் கொடுத்தால் முடிச்சே மறந்துபோகும். அந்த அம்மாவுக்குச் சிறுமியைவிட அதிகக் கவனம் இருக்கிறது என்று சொல்ல முடியாது. பூ கட்டுவதற்கு அவர் கவனம் செலவாவதில்லை, அவ்வளவுதான். மிச்சமானதை வியாபாரத்தில் போடுகிறார். ஒரு பூ அழுகலாக வந்தால் மட்டும் அவர் கண் சட்டென்று கைக்குத் திரும்பும்.

பழக்கத்தால் ஒரு செயல் கவனத்தைக் கேட்காமலே நடக்கத் தொடங்குவதைத் தானியக்கம் என்கிறோம். திறன் கற்றலை ஆராய்ந்த ஃபிட்ஸ், போஸ்னர் என்ற உளவியலாளர்கள் 1967-இல் இந்தப் பயணத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்தார்கள். முதல் கட்டத்தில் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்கிறோம், தவறுகள் பெரிதாக இருக்கும். இரண்டாம் கட்டத்தில் அசைவுகள் ஒன்றோடொன்று சேர ஆரம்பிக்கும், தவறுகள் சிறிதாகும். மூன்றாவதில் அசைவு தானாக நடக்கும், மனம் வேறு வேலைக்குத் தயாராக இருக்கும்.

நுட்பமும் கவனமும் வேறு வேறு பாடம் இல்லை என்பது இங்கே தெரியும். ராக்கெட் பிடிப்பதும் வீசுவதும் எவ்வளவு தானாக நடக்கிறதோ அவ்வளவு கவனம் எதிராளிமேல் வைக்கக் கிடைக்கும். மைதானத்தில் ‘ஃபோகஸ் இல்லை’ என்று திட்டு வாங்கும் பல பிள்ளைகளுக்கு உண்மையில் இருக்கும் குறை இதுதான்: அவர்கள் கவனம் முழுவதையும் அவர்களுடைய சொந்தக் கையே விழுங்கிக்கொண்டிருக்கிறது.

பந்து அடிபடும் நொடியில் எதையும் திருத்த முடியாது

பந்து ராக்கெட் நரம்பில் தங்கும் நேரம் ஒரு நொடியின் நூறில் ஒரு பங்குக்கும் குறைவு. கண் ஒன்றைப் பார்த்து, அதற்கு உடல் பதில் கொடுக்கத் தொடங்கவே ஏறத்தாழ 0.2 நொடி ஆகும். வேகமான வீச்சில் ராக்கெட் கீழே இறங்கத் தொடங்கியபின் பந்தைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரமும் அதே அளவில்தான் இருக்கும். ஆகவே வீச்சு தொடங்கிய பிறகு, “ஐயோ, மணிக்கட்டு தளர்ந்துவிட்டது” என்று யோசித்துச் சரிசெய்ய வழியே இல்லை. அந்த யோசனை முடிவதற்குள் பந்து முன்சுவரை நோக்கிப் போயிருக்கும்.

நம் கையில் இருப்பதெல்லாம் வீச்சுக்கு முந்திய நேரம். நல்ல பயிற்சியாளர்கள் அடியைப் பற்றிப் பேசுவதைவிட அடிக்கு முன் நடப்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுவார்கள். அதில் மூன்று விஷயங்கள் முக்கியம்.

முதலாவது பிடி. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேருமிடத்தில் ஒரு ‘வி’ வடிவம் வரும். ராக்கெட்டின் முகத்தைத் தரைக்குச் செங்குத்தாக நிறுத்தினால், வலக்கைக்காரருக்கு அந்த ‘வி’ கைப்பிடியின் மேல் விளிம்பில், சற்றே இடது பக்கமாக அமைய வேண்டும். ஆள்காட்டி விரல் மற்ற விரல்களிலிருந்து கொஞ்சம் விலகி மேலே இருக்கும். ஃபோர்ஹேண்டுக்கும் பேக்ஹேண்டுக்கும் இதே பிடிதான். டென்னிஸ், பேட்மிண்டன் ஆடிவிட்டு வருகிறவர்கள் பக்கத்துக்குப் பக்கம் பிடியை மாற்றப் பார்ப்பார்கள். ஸ்குவாஷில் அதற்கு நேரம் கிடைக்காது.

இரண்டாவது முன்னேற்பாடு. பந்து எந்தப் பக்கம் வருகிறது என்று தெரிந்த உடனே ராக்கெட் தலை மேலே ஏறிவிட வேண்டும். ஓடும்போதே ஏற வேண்டும், ஓடி முடித்தபிறகு ஏற்றினால் தாமதம். ராக்கெட் மேலே இருந்தால் வேலை பாதி முடிந்தது. மிச்சம் பாதி நேரத்தில் பந்தைப் பார்க்கலாம், எதிராளி எங்கே நிற்கிறார் என்று பார்க்கலாம், அடிக்கலாமா மெதுவாக முன்னால் வைக்கலாமா என்று முடிவெடுக்கலாம். ராக்கெட் தாமதமாக ஏறினால் இதற்கெல்லாம் இடமில்லை. ஏற்றுவதும் அடிப்பதும் ஒரே அவசரத்தில் நடக்கும், அடி பதற்றமாகத்தான் இருக்கும்.

மூன்றாவது தூரம். தொடக்கத்தில் எல்லோரும் செய்யும் தவறு பந்துக்கு மிக அருகில் போய் நின்றுவிடுவது. பந்தை நோக்கி நேராக ஓடினால் இப்படித்தான் ஆகும். பிறகு முழங்கையை விலாவில் ஒட்டிக்கொண்டு, பந்தைத் தோண்டி எடுப்பதுபோல அடிக்க வேண்டிவரும். பந்து உடலிலிருந்து ஒரு கையும் ராக்கெட்டும் இயல்பாக நீளும் தூரத்தில் இருக்க வேண்டும். பக்கச் சுவரை ஒட்டி நேராக அடிக்கும் டிரைவுக்கு, முன்காலின் முழங்காலுக்கு நேராகவோ சற்று முன்னாலோ பந்தைச் சந்திப்பது நல்லது. முழங்கால் மடங்கட்டும், முதுகு வளைய வேண்டாம். என்னைக் கேட்டால், தொடக்கக்காரர் ஒரே ஒரு குறையைத்தான் திருத்த முடியும் என்றால் இந்தத் தூரத்தைத் திருத்தச் சொல்வேன். வீச்சில் இருப்பதாகத் தெரியும் பாதிக் குறைகள், சரியான தூரத்தில் நின்றாலே காணாமல் போகின்றன.

பந்தைப் பற்றியும் இங்கே ஒரு வார்த்தை. ஸ்குவாஷ் பந்துகளில் வண்ணப் புள்ளிகள் இருக்கும். போட்டிகளில் ஆடும் பந்தில் இரண்டு மஞ்சள் புள்ளிகள். அது அடிபட்டுச் சூடானால்தான் எழும்பும், ஆறினால் தரையில் செத்துக் கிடக்கும். தொடர்ந்து பலமாக அடிக்கத் தெரியாதவர் அதைச் சூடாக வைத்திருக்க முடியாது. எழும்பாத பந்தைத் துரத்திக் குனிந்து குனிந்து அடித்தே தவறான வீச்சு பழகிவிடும். நீலம், சிவப்பு, ஒற்றை மஞ்சள் புள்ளிப் பந்துகள் கூடுதலாக எழும்பும். அவற்றில் ஆடுவதை மட்டமாக நினைப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமாக இருக்கும். சரியான அசைவைப் பழக நேரம் தரும் பந்துதான் தொடக்கக்காரருக்கு நல்ல பந்து.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: கவனம் அளவுக்கு உட்பட்டது. நுட்பம் தானாக நடந்தால் கவனம் மிச்சமாகும். வீச்சுக்கு உள்ளே எதையும் திருத்த முடியாது என்பதால் பிடி, முன்னேற்பாடு, தூரம் ஆகிய மூன்றிலும் முன்கூட்டியே உழைக்க வேண்டும்.

கண் எங்கே இருக்க வேண்டும்

“பந்தைப் பாரு” என்பது பாதி உண்மை. நாம் அடிக்கப்போகும்போது பந்தைத்தான் பார்க்க வேண்டும், அதுவும் நரம்பில் படும்வரை. ஆனால் எதிராளி அடிக்கப்போகும்போது பந்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் பிந்திவிடுவோம்.

ஆஸ்திரேலிய ஆய்வாளர் புரூஸ் அபர்னெதி ஸ்குவாஷ் ஆட்டக்காரர்களிடம் இதைச் சோதித்துப் பார்த்தார். 1990-இல் வெளியான அந்த ஆய்வில், எதிராளி அடிக்கும் காட்சியை வெவ்வேறு நேரங்களில் நிறுத்தி, பந்து எங்கே போகும் என்று ஆட்டக்காரர்களைக் கேட்டார்கள். தேர்ந்தவர்கள், பந்து ராக்கெட்டில் படுவதற்கு முன்பே எதிராளியின் கையும் ராக்கெட்டும் அசையும் விதத்திலிருந்து திசையை ஊகித்தார்கள். புதியவர்களுக்கு அந்தக் கையசைவு எதையும் சொல்லவில்லை. மேல்மட்ட வீரர்களுக்கு நேரம் தாராளமாக இருப்பதுபோலத் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். பந்து கிளம்பும் முன்னரே அவர்களுக்குச் செய்தி வந்துவிடுகிறது.

இந்தச் செய்தி கிடைக்க முதலில் திரும்பிப் பார்க்க வேண்டும். அடித்துவிட்டு ‘டி’க்கு வருகிறோம். கோர்ட்டின் குறுக்கே போகும் கோடும் பின்பாதியை இரண்டாகப் பிரிக்கும் கோடும் சந்திக்கும் இடம்தான் டி. எங்கும் ஓடிச் சேர வசதியான நடு இடம் அது. அங்கே நின்று முன்சுவரையே வெறித்துப் பார்ப்பது தொடக்கக்காரர்களின் பெரிய பழக்கம். பின்னால் எதிராளி என்ன செய்கிறார் என்று தெரியாது. பந்து முன்சுவரில் பட்ட பிறகுதான் ஓட ஆரம்பிப்பார்கள். பிறகு, “எனக்கு வேகம் போதவில்லை” என்பார்கள். காலில் குறையில்லை, செய்தி தாமதமாக வந்தது.

டியில் நிற்கும்போது பாதங்கள் முன்னோக்கி இருக்கட்டும். தலையையும் தோளையும் மட்டும் பந்து இருக்கும் மூலைப்பக்கம் திருப்பி, தோளுக்கு மேலாக எதிராளியின் ராக்கெட்டைப் பாருங்கள். அவர் அடிக்கும் நேரத்துக்குச் சற்று முன்பு இரண்டு பாதத்தாலும் ஒரு சின்னத் துள்ளல். ஸ்பிளிட் ஸ்டெப் என்று இதற்குப் பெயர். கால்கள் தரையில் அமரும் தருணத்தில் திசை தெரிந்துவிடும், அந்த வேகத்திலேயே கிளம்பலாம்.

திரும்பிப் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். ஸ்குவாஷ் பந்தின் அளவு கண்குழிக்குள் நேராகப் பாயும் அளவு. இளையோர் போட்டிகளில் இந்தக் கண்ணாடி கட்டாயம். பெரியவர்களும் பயிற்சியில் இதை விட்டுவிடக் கூடாது. கண் பயம் போனால்தான் தயங்காமல் திரும்பிப் பார்க்க வரும்.

உடம்பை நினைத்து அடிப்பதா, பந்தை நினைத்து அடிப்பதா

ஒரு பயிற்சியாளர், “முழங்கையை மடக்கு, மணிக்கட்டை நிமிர்த்து, இடுப்பைத் திருப்பு” என்கிறார். இன்னொருவர், “பந்து சுவரை ஒட்டிப் போய், சர்வ் கட்டத்துக்குப் பின்னால் விழட்டும்” என்கிறார். புள்ளியைத் தொடங்கிவைக்கும் சர்வை அடிக்க நிற்கும், தரையில் கோடிட்ட இடம்தான் அந்தக் கட்டம். இரண்டு பேரும் ஒரே டிரைவைத்தான் சொல்லித் தருகிறார்கள். முதல் அறிவுரை கவனத்தை உடம்புக்குள் அனுப்புகிறது, அதற்கு உள்நோக்கிய கவனம் என்று பெயர். இரண்டாவது அசைவின் விளைவு மேல் கவனத்தை வைக்கிறது, அது வெளிநோக்கிய கவனம்.

காப்ரியேலே வுல்ஃப் என்ற ஆய்வாளரும் அவரோடு இருந்தவர்களும் 1998-இல் இந்த வேறுபாட்டைச் சோதித்தார்கள். பனிச்சறுக்கு அசைவைப் பழக்கும் ஒரு கருவியில் ஆட்களை ஏற்றி, சிலரிடம் தங்கள் பாதத்தால் விசை கொடுப்பதைக் கவனிக்கச் சொன்னார்கள். மற்றவர்களிடம், பாதத்துக்கு நேர் கீழே இருக்கும் சக்கரங்கள் மேல் விசை கொடுப்பதைக் கவனிக்கச் சொன்னார்கள். பாதத்துக்கும் சக்கரத்துக்கும் இடையில் தூரம் மிகக் குறைவு. செய்யும் வேலையும் ஒன்றுதான். ஆனாலும் சக்கரத்தை நினைத்தவர்கள் மேலாகக் கற்றார்கள். இந்தப் போக்கு பிறகு பல விளையாட்டுகளில் காணப்பட்டது.

காரணம் என்னவென்று வுல்ஃப் தரப்பில் ஒரு விளக்கம் உண்டு. உடம்பின் ஒரு மூட்டு மீது மட்டும் குறிவைத்து, அதை வேண்டுமென்றே இயக்கப் பார்த்தால், தானாக ஒத்திசைந்து நடக்கவேண்டிய மற்ற அசைவுகளில் குறுக்கிடுகிறோம். விளைவை மட்டும் மனத்தில் வைத்தால், உடம்பு அதற்கான வழியைத் தானே ஒழுங்கு செய்துகொள்கிறது.

இதைக் கேட்டுவிட்டு, உடம்பைப் பற்றி யோசிக்கவே கூடாது என்று முடிவுகட்ட வேண்டாம். அதற்கும் நேரம் உண்டு. பந்து இல்லாமல் மெதுவாக வீசிப் பார்க்கும்போது, கண்ணாடிச் சுவரில் தன் நிழலைப் பார்க்கும்போது, பயிற்சியாளர் பிடியைத் திருத்தும்போது உடம்பைப் பற்றித் தாராளமாக யோசிக்கலாம். பந்து வேகமாக வரத் தொடங்கியதும் அதை ஒதுக்கிவைத்துவிட வேண்டும். அப்போது மனத்தில் இருக்கவேண்டியது ஓர் இலக்கு மட்டும்: முன்சுவரில் எந்த உயரம், அல்லது தரையில் எந்த இடம்.

புதியவர்களுக்கு உயரம்தான் நல்ல இலக்கு. முன்சுவரில் 1.78 மீட்டர் உயரத்தில் சர்வ் கோடு இருக்கிறது. பந்தைப் பின்மூலைக்கு அனுப்ப வேண்டுமானால் அந்தக் கோட்டுக்கு மேலே அடிக்கப் பாருங்கள். பலமாக அடித்தால்தான் பந்து பின்னால் போகும் என்ற நம்பிக்கை பலரிடம் இருக்கிறது. தாழ்வாகப் பலமாக அடித்த பந்து கோர்ட்டின் நடுவில் எழும்பி எதிராளியின் கைக்கு வசதியாக வரும். உயரமாக, மிதமாக அடித்த பந்து பின்மூலையில் போய் அடங்கும். அப்படிப் பின்சுவரை நெருங்கி விழுந்து, எதிராளியைப் பின்னால் இழுக்கும் அடியை லெங்த் என்கிறார்கள்.

ஒரே அடியை நூறு முறை அடித்தால் போதுமா

போதாது. இதை நம்புவது கடினம், ஏனென்றால் ஒரே அடியைத் தொடர்ந்து அடிக்கும்போது நன்றாக வருவதுபோல உணர்கிறோம். ஷே, மார்கன் என்ற இருவர் 1979-இல் செய்த சோதனை இந்தத் துறையில் பெயர் பெற்றது. கையால் தடுப்புகளை வரிசையாகத் தட்டிவிடும் மூன்று வேலைகளை இரு குழுக்களுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு குழு ஒரு வேலையை முழுக்க முடித்துவிட்டு அடுத்ததற்குப் போனது. மற்றொரு குழு மூன்றையும் கலந்து கலந்து செய்தது. பயிற்சியின்போது முதல் குழு மேலாகச் செய்தது. ஆனால் இடைவெளிவிட்டு மீண்டும் சோதித்தபோது கலந்து பழகியவர்களே நன்றாகச் செய்தார்கள்.

ஒரே அடியைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, ஒவ்வொரு முறையும் புதிதாக முடிவெடுக்க வேண்டியதில்லை. கை முந்திய அடியை நகலெடுக்கிறது, மனம் வேறெங்கோ போய்விடுகிறது. அடிகளைக் கலந்தால் ஒவ்வொரு பந்துக்கும் தூரம், உயரம், திசை எல்லாவற்றையும் புதிதாகக் கணக்கிட வேண்டும். சிரமமாக இருக்கும், தவறுகள் கூடும். ஆட்டத்தில் நடப்பதும் அதுதான், ஒரே பந்து நூறு முறை வரப்போவதில்லை.

அதற்காக முதல் நாளே எல்லாவற்றையும் கலக்கச் சொல்லவில்லை. ஓர் அசைவு புதிதாக இருக்கும்போது தனியாகக் கொஞ்சம் பழக வேண்டும். ஓரளவு வரத் தொடங்கியதும், முழுமை அடையட்டும் என்று காத்திருக்காமல் கலந்துவிடுங்கள். தனியாகப் பழகும்போது நான்கைந்து நேர் டிரைவ், அடுத்து ஒரு டிராப், அதாவது டின்னுக்குச் சற்று மேலே மெதுவாகத் தொட்டு, பந்தை முன்சுவர் அருகிலேயே விழவைக்கும் அடி. அப்புறம் மீண்டும் டிரைவ். துணையோடு பழகினால் ஒருவர் பின்னாலிருந்து போஸ்ட் (boast) ஆடலாம், முன்னால் இருப்பவர் டிரைவ் அடிக்கலாம். முதலில் பக்கச் சுவரில் அடித்துப் பந்தை முன்சுவருக்குத் திருப்பும் அடிதான் போஸ்ட். இந்த ஜோடிப் பயிற்சி எல்லா கிளப்பிலும் உண்டு. சில நிமிடங்கள் கழித்து, முன்னால் இருப்பவர் நேராகவும் அடிக்கலாம், குறுக்காகவும் அடிக்கலாம் என்று விதியை மாற்றுங்கள். பின்னால் இருப்பவர் உடனே தலை நிமிர்ந்து எதிரிலிருப்பவரின் ராக்கெட்டைப் பார்க்க ஆரம்பிப்பார். யாரும் “ஃபோகஸ்” என்று கத்தத் தேவையில்லை, பயிற்சியின் அமைப்பே அதைக் கேட்கிறது.

துணை கிடைக்காத நாளில் தனியாகப் பழகுவதைக் குறைவாக நினைக்காதீர்கள். பெஷாவரில் பிரிட்டிஷ் அதிகாரிகளின் கிளப்பில் பந்து பொறுக்கும் சிறுவனாக இருந்த ஹஷிம் கான், கோர்ட் காலியாக இருக்கும் நேரத்தில் தனியாக அடித்தே கற்றவர். அவர் 1951-இல் பிரிட்டிஷ் ஓப்பன் பட்டத்தை வென்றார். பிறகு உலக ஸ்குவாஷை நீண்ட காலம் ஆண்டது அவர் குடும்பம். தனிப் பயிற்சியில் இலக்கு கண்ணுக்குத் தெரியும்படி இருக்கட்டும். சர்வ் கட்டத்துக்குப் பின்னால் ஒரு ராக்கெட் உறையை வைத்துவிட்டு, அதன் அருகே எத்தனை பந்து விழுகிறது என்று எண்ணலாம். எண்ணிக்கை மனத்தைக் கட்டிப்போடும்.

சுருக்கமாக: எதிராளி அடிக்கும்போது அவர் ராக்கெட்டைப் பார்க்க வேண்டும், நாம் அடிக்கும்போது ஓர் இலக்கை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். பயிற்சியில் அடிகளைக் கலந்தால் இந்த இரண்டும் சேர்ந்தே பழகும்.

புள்ளிகளுக்கு நடுவே

ஒரு மணி நேரம் முழுக்க உச்சக் கவனத்தோடு இருக்க யாராலும் முடியாது, தேவையும் இல்லை. கவனம் கூர்மையாக இருக்க வேண்டியது பந்து ஆட்டத்தில் இருக்கும் நேரம் மட்டும். புள்ளி முடிந்ததும் அதைத் தளர்த்த வேண்டும். ஆட்டக்காரர்கள் கை வியர்வையைச் சுவரில் துடைப்பதையும், நரம்புகளை விரலால் நேராக்குவதையும் பார்த்திருப்பீர்கள். பார்க்கச் சும்மா செய்வதுபோல இருக்கும். முந்திய புள்ளியை விட்டுவிட்டு அடுத்ததற்கு வர அது அவர்களுக்கு ஒரு படி. நீங்களும் இப்படி ஒன்றை வைத்துக்கொள்ளலாம்: கையைத் துடைப்பது, ஒரு மூச்சை நீளமாக விடுவது, அடுத்த சர்வ் எங்கே போக வேண்டும் என்று முன்சுவரில் ஓர் இடத்தைப் பார்ப்பது. பயிற்சியிலும் இதைச் செய்தால்தான் போட்டியில் கைகொடுக்கும்.

களைப்பும் கவனத்தைத் தின்னும். கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில், குளிரூட்டாத கோர்ட்டில் இது சீக்கிரமே தெரியும். முதலில் கால் சோர்வதில்லை. ராக்கெட் தாமதமாக ஏறத் தொடங்கும், தலை திரும்புவது நிற்கும். இந்த இரண்டையும் கண்டால், புதிய நுட்பம் பழகுவதை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைப்பில் பழகினால் அந்தத் தாமதமும் சேர்ந்தே பழகிவிடும். ஓட்டம் வேண்டுமானால் கோஸ்டிங் செய்யலாம், அதாவது பந்து இல்லாமல் டியிலிருந்து ஒவ்வொரு மூலைக்கும் ஓடி, வீசிவிட்டுத் திரும்புவது. அதையும் புதிய நுட்பத்துக்கான நேரம் முடிந்தபிறகு வைத்துக்கொள்வது நல்லது.

நுட்பத்தை மாற்றும்போது ஆட்டம் ஏன் கெடுகிறது

பழைய பிடியில் ஒன்றிரண்டு ஆண்டு ஆடியவர் சரியான பிடிக்கு மாறினால், சில வாரங்களுக்கு ஆட்டம் இறங்கும். வழக்கமாகத் தன்னிடம் தோற்பவரிடமே இவர் தோற்பார். பலர் இந்த இடத்தில்தான் பயந்து பழையதற்கே திரும்பிவிடுகிறார்கள். தானாக நடந்துகொண்டிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, யோசித்துச் செய்யும் முதல் கட்டத்துக்குத் திரும்பியிருக்கிறார் என்பதுதான் இதன் பொருள். எதிராளியைப் பார்க்க மிச்சமிருந்த கவனம் மீண்டும் கைக்குப் போய்விட்டது. ஆகவே மாற்றத்தை ஒரு முக்கியப் போட்டிக்கு முந்திய மாதத்தில் தொடங்காதீர்கள். பள்ளித் தேர்வு முடிந்த விடுமுறை மாதிரி, தோற்றாலும் கவலையில்லாத காலத்தில் தொடங்குங்கள். அந்த வாரங்களில் புள்ளி எண்ணி ஆடுவதைக் குறைத்து, கூட ஆடுபவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளைகளாக இருந்தால் பெற்றோரிடம் பயிற்சியாளர் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் கண்ணாடிக்கு வெளியிலிருந்து, “இப்பல்லாம் கவனமே இல்ல உனக்கு” என்ற குரல் வரும். அந்த நேரத்தில் பிள்ளை தன் கவனம் முழுவதையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில்தான் வைத்திருப்பான்.